மருந்து அடிக்கிற ஆளுங்க க்ளவுஸ், மாஸ்க் போட மாட்டேங்கறாங்க, எப்படி போட வைக்கிறது?

உங்க கேள்விய முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். எலக்ட்ரானிக் சிட்டில வேலை பாக்கறீங்க, மாலூர் பக்கம் 3 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து தக்காளியும் ஒரு சின்ன பாலிஹவுஸ்ல குடைமிளகாயும் போட்டிருக்கீங்க. தருமபுரி பக்கத்துல இருந்து வந்த குடும்பங்க ஷெட்ல தங்கி வேலை பாக்கறாங்க. ஆன்லைன்ல ஒரு கிட் வாங்கி குடுத்தீங்க, ரெயின்கோட் மாதிரி ஒரு உடுப்பு, மெல்லிசா க்ளவுஸ், கண்ணாடி, மாஸ்க். ரெண்டாவது டேங்க் அடிக்கும்போதே எல்லாத்தையும் கழட்டி வரப்புல வச்சுட்டாங்க, கேட்டா "இத்தன வருசமா அடிக்கறோம் தம்பி, எங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு சொல்றாங்க. இதை எப்படி மாத்தறது, மூஞ்சில துண்டு கட்டினா போதாதா, நாளைக்கு ஒண்ணு ஆனா நான்தான் பொறுப்பான்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. ஆனா மூணுக்கும் அடியில இருக்கற கேள்வி வேற. வாங்கி குடுத்துட்டேன், அதோட என் கடமை முடிஞ்சுதா, இனிமே தப்பு அவங்க மேலதானேன்னு கேக்கறீங்க. இல்ல, முடியல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கற ஜிகேவிகேல பூச்சியியல் படிச்சவன். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஓசூர், மாலூர், தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம்னு பண்ணை பண்ணையா போய் மருந்து எப்படி கலக்கறது, எப்படி அடிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கறதுதான் வேலை. டாக்டர் கிடையாது, வக்கீலும் கிடையாது, அதனால அந்த ரெண்டு விஷயத்தையும் எனக்கு தெரிஞ்ச அளவோட நிறுத்திக்கறேன்.

முதல்ல ஒரு விஷயம், இதுல சந்தேகமே வேண்டாம். வெளி வயல்ல மருந்து அடிக்கிறவங்க உடம்புக்குள்ள மருந்து போறது பெரும்பாலும் தோல் வழியா, மூக்கு வழியா கம்மி. எல்லாரும் மாஸ்க் மாஸ்க்னு சொல்றாங்க, வாசனை வந்தா பயப்படறாங்க, வாசனை வரலன்னா தைரியமா இருக்காங்க. ஆனா முதுகுல மாட்டற டேங்க் ஸ்பிரேயர்ல இருந்து வர்ற துளி முக்காவாசி பெருசு, நுரையீரல் வரைக்கும் போற சைஸ் இல்ல, அது உடம்பு மேல, துணி மேல விழும். கை, தொடை, முதுகு, இதுதான் நனையற இடம். தோல்லயும் எல்லா இடமும் ஒண்ணு இல்ல. 1971ல அமெரிக்காவுல பாரத்தியான்ங்கற மருந்தை ஆளுங்க தோல்ல கொஞ்சமா வச்சு அளந்து பாத்தாங்க. முன்னங்கைல வச்சதுல சுமார் 9 சதவீதம் உள்ள போச்சு, தலையிலயும் நெத்தியிலயும் மூணுல ஒரு பங்கு, விதைப்பை தோல்ல வச்சது கிட்டத்தட்ட முழுசும் உள்ள போயிடுச்சு. இதை நான் பயிற்சில சொன்னா ஆம்பளைங்க சிரிப்பாங்க, ஆனா அன்னைக்கு ஒரு நாள் முழுக்க லுங்கி கட்டிட்டு மருந்து அடிக்க யாரும் போக மாட்டாங்க. லுங்கி நனைஞ்சு தொடையில ஒட்டி நிக்கறதும், மருந்து பட்ட கையோட ஒண்ணுக்கு போறதும் எவ்வளவு பெரிய ஓட்டைன்னு அந்த ஒரு கணக்கே சொல்லிடும்.

இன்னொரு விஷயம், ரொம்ப பேர் கவனிக்காதது. ஒரு நாள் முழுக்க அடிக்கிறப்ப வர்ற ஆபத்தை விட, பாட்டில திறந்து டேங்க்ல ஊத்தற அந்த ரெண்டு நிமிஷம்தான் கைக்கு பெரிய ஆபத்து. டேங்க்குல இருக்கறது லிட்டருக்கு 2 மில்லின்னு கலந்த தண்ணி மருந்து, பாட்டில்ல இருக்கறது அதை விட நூத்துக்கணக்கான மடங்கு கெட்டி. ஒரு மூடி அளவு கைல சிந்தினா அது கலந்த மருந்துல அரை டேங்க்குக்கு சமம். நம்ம பக்கம் 200 லிட்டர் டிரம்முல மருந்தை ஊத்தி கையாலயே கலக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, முழங்கை வரைக்கும் விட்டு. பாட்டில் மூடியிலயே அளந்துட்டு அந்த மூடிய பாக்கெட்ல போட்டுக்கறவங்களும் உண்டு. அதனால ஒரே ஒரு ஜோடி க்ளவுஸ் போட வைக்க முடியும், வேற எதுவும் முடியாதுன்னா, அடிக்கும்போது போடாட்டியும் பரவால்ல, கலக்கும்போது கண்டிப்பா போட வைங்க. ரெண்டு நிமிஷம் போடறதுக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க.

சரி, ஏன் கழட்டினாங்கன்னு வருவோம். நீங்க வாங்கினது காத்தே போகாத பிவிசி உடுப்பு. மாலூர்ல மார்ச், ஏப்ரல் மாசம் வெயில்ல 15, 16 லிட்டர் டேங்கை முதுகுல மாட்டிட்டு தக்காளி வரிசைக்குள்ள அதை போட்டு நடந்து பாருங்க. பாலிஹவுஸ்ல கேக்கவே வேண்டாம். வேர்வை ஆவியாக வழியில்லாம உடம்பு சூடேறும், தலை சுத்தும், வாந்தி வரும். வெயில் மயக்கத்தோட ஆரம்ப அறிகுறியும் மருந்து ஏறினதோட ஆரம்ப அறிகுறியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்த உடுப்பு போட்டு மயங்கி விழுந்தா எதனாலன்னே குழப்பம் வரும். கண்ணாடி அஞ்சு நிமிஷத்துல பனி மூட்டம் ஆயிடும், வழி தெரியாது. மருந்து தெளிக்கிற முனை, அதாவது நாசில், அடைச்சுக்கிட்டா அந்த க்ளவுஸ் போட்டுட்டு அதை கழட்ட முடியாது, அதனால க்ளவுஸை உருவிட்டு நாசிலை கழட்டி வாயால ஊதுவாங்க, அது எல்லாத்தையும் விட மோசம். அதுக்கு மேல கூலி. டேங்குக்கு இவ்வளவுன்னு கூலி பேசியிருந்தீங்கன்னா, நிழல்ல போய் உடுப்பை கழட்டி, கை கழுவி, தண்ணி குடிச்சு, திரும்ப மாட்டறது எல்லாமே அவங்க பாக்கெட்ல இருந்து போற காசு. நிறைய முதலாளிங்க இவங்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு என்கிட்ட சொல்வாங்க. எனக்கு அதை கேட்டா எரிச்சலா வரும். அவங்களுக்கு தெரியும், நல்லாவே தெரியும், மருந்து அடிச்ச ராத்திரி கண்ணு எரிஞ்சு தூக்கம் வராம இருக்கறது அவங்கதானே. தெரிஞ்சும் போடலன்னா, போடறதுக்கு ஆகற செலவு அவங்க தலையில இருக்குன்னு அர்த்தம்.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து பூச்சிக்கொல்லி மேலாண்மைக்கு ஒரு சர்வதேச நடத்தை விதி வச்சிருக்காங்க, அதுல தெளிவாவே இருக்கு. எந்த மருந்துக்கு போட அசௌகரியமான, விலை அதிகமான, சுலபமா கிடைக்காத பாதுகாப்பு உடுப்பு தேவைப்படுதோ அந்த மருந்தையே தவிர்க்கணும், குறிப்பா வெப்பமான ஊர்ல சின்ன விவசாயிகளும் கூலியாட்களும் அடிக்கிற இடத்துல. உடுப்பை போட வைன்னு அது சொல்லல, அந்த உடுப்பு தேவைப்படற மருந்தை வாங்காதேன்னு சொல்லுது. உங்களுக்கும் நான் சொல்ற முதல் வேலை அதுதான், கிட் ரெண்டாவது.

அதுக்கு பாட்டில்ல இருக்கற முக்கோணத்தை பாருங்க. நம்ம நாட்டு லேபிள்ல சாய்சதுரம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதோட கீழ்ப்பாதி கலர்தான் விஷத்தோட அளவு. சிவப்பு ரொம்ப கடுமையான விஷம், மண்டை ஓடு போட்டிருக்கும், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியா பச்சை. சிவப்பை உங்க நிலத்துக்குள்ளயே விடாதீங்க. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணம், 2005ல இருந்தே காய்கறிக்கு அடிக்கக்கூடாதுன்னு தடை, ஆனாலும் தக்காளிக்கு அதை அடிச்ச ஆளுங்கள பாத்திருக்கேன். மெத்தோமில்ங்கறது இன்னொரு சிவப்பு, அதை 2023ல தடையே பண்ணிட்டாங்க, பழைய ஸ்டாக் யாராவது குடுத்தா வாங்காதீங்க. தக்காளி காய்ப்புழுவுக்கு புரோபினோபாஸ் மாதிரி மஞ்சளுக்கு பதிலா குளோரான்ட்ரனிலிபுரோல் பச்சை முக்கோணத்துல இருக்கு, விலை கூடத்தான், ஆனா ஏக்கருக்கு ஊத்தற அளவு ரொம்ப கம்மி. உரக்கடைல "நல்லா கேக்கும்"னு சொல்லி ரெண்டு மூணு மருந்தை கலந்து குடுப்பாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க.

ஆனா பச்சைன்னா பால் மாதிரின்னு நினைச்சுடாதீங்க. அந்த கலர் உடனடி விஷத்தை மட்டும்தான் சொல்லும், பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பட்டா என்ன ஆகும்னு சொல்லாது. மேன்கோசெப்ங்கற பூஞ்சாணக்கொல்லி பச்சை முக்கோணம்தான், அது உடைஞ்சு வர்ற ஒரு பொருள் தைராய்டை பாதிக்கும்னு தெரிஞ்சு ஐரோப்பிய யூனியன் 2020ல அதோட அனுமதிய புதுப்பிக்கல. நம்ம ஊர்ல அதை வெறுங்கையாலதான் அள்ளி டிரம்முல போடறாங்க, பவுடர்தானேன்னு.

அடிக்கிற தடவையை குறைக்கறது இன்னும் நல்லது, அதுக்கு பெங்களூர் பக்கம் இருக்கறது ஒரு கொடுப்பினை. ஹெசரகட்டால ஐஐஎச்ஆர்ங்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க குடுத்த அர்கா ரக்ஷக்ங்கற தக்காளி ரகம் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூணையும் தாங்கும், அந்த வைரஸை பரப்பற வெள்ளை ஈக்குன்னு நீங்க அடிக்கிற மருந்துல பாதி அந்த பயத்துலதான் அடிக்கறீங்க. ஹெப்பால்ல என்பிஏஐஆர்ங்கற பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, கெட்ட பூச்சியோட முட்டையை அழிக்கிற ட்ரைக்கோகிரம்மா மாதிரி ஒட்டுண்ணி பத்தி அங்க கேக்கலாம். மஞ்சள் அட்டை, இனக்கவர்ச்சி பொறி எல்லாம் வச்சு பூச்சி எண்ணிக்கைய பாத்துட்டு அடிக்கிற பழக்கம் வந்தா, வாரம் தவறாம வெள்ளிக்கிழமை சாமி கும்பிடற மாதிரி மருந்து அடிக்கிறது நிக்கும். நிக்கற ஒவ்வொரு தடவையும் எந்த க்ளவுஸை விடவும் நல்ல பாதுகாப்பு. இதுக்கு மேல பயிர் விஷயத்துக்குள்ள போகல, அது தனி கேள்வி.

அடுத்தது ஸ்பிரேயர். உங்க டேங்க்கை தண்ணி மட்டும் ஊத்தி மாட்டிட்டு பத்து நிமிஷம் நடந்து பாருங்க, முதுகு நனைஞ்சா மூடியோட வாஷர் போயிடுச்சு, கையில பிடிச்சு தெளிக்கிற குழாய், அதாவது லான்ஸ், அதோட பிடியில சொட்டினா அங்க வாஷர் போயிடுச்சு. ரெண்டும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்ள முடியற வேலை. இதை செய்யாம முதுகுல ஒழுகற டேங்க்கை குடுத்துட்டு மாஸ்க் போடுன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. நாசில் கழுவ ஒரு பழைய டூத் பிரஷ் டேங்க்லயே கட்டி விடுங்க, வாயால ஊதறது நிக்கும். காத்து முதுகுப் பக்கமோ பக்கவாட்டுலயோ இருக்கற மாதிரி நடக்கணும். தெளிச்ச வரிசைக்குள்ளயே திரும்ப முன்னாடி நடந்து போனா நனைஞ்ச இலை எல்லாம் தொடையில துடைச்சுக்கும், தக்காளி குச்சி கட்டின வயல்ல இதுதான் பெரிய பிரச்சனை. பாலிஹவுஸ்ல உள் கோடியில ஆரம்பிச்சு கதவு பக்கமா பின்னாடி நடந்துக்கிட்டே வரணும், வெளிய வந்தாச்சுன்னா வேலை முடிஞ்சது, திரும்ப உள்ள போகக்கூடாது. சிக்கபள்ளாபுரம் பக்கம் திராட்சை பந்தல்ல இதெல்லாம் உதவாது, அங்க தலைக்கு மேல அடிக்கணும், அடிச்சது அப்படியே மூஞ்சியிலயும் கழுத்துலயும் சொட்டும், அதனால அங்க நான் முதல்ல கேக்கறது விளிம்பு வச்ச தொப்பியும் முகத்தை மூடற பிளாஸ்டிக் ஷீல்டும்தான். பயிரை பாத்துத்தான் உடுப்பு, எல்லாத்துக்கும் ஒரே கிட் கிடையாது.

மருந்து அடிக்கிற உயரம் எவ்வளவு முக்கியம்னு 2017ல மகாராஷ்டிராவுல யவத்மாள்ல தெரிஞ்சுது. அந்த வருஷம் பருத்தி வழக்கத்தை விட உயரமா வளந்து நின்னுது, ஆள் உயரத்துக்கு அடிக்க வேண்டி வந்தது, பூச்சி அதிகம்னு பல மருந்தை ஒண்ணா கலந்தாங்க, புழுக்கமான நேரம், வெறும் உடம்போட அடிச்சாங்க. அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் இருபது பேருக்கு மேல செத்தாங்க, நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அவங்களும் பல வருஷமா அடிச்சவங்கதான், புதுசா வந்தவங்க இல்ல.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே"ங்கறதுக்கு பதில் இங்க வருது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து (மோனோகுரோட்டோபாஸ், புரோபினோபாஸ் எல்லாம் இதுதான்) நரம்புல இருக்கற கோலினெஸ்டரேஸ்ங்கற என்சைமை கட்டிப் போட்டுடும். கொஞ்சம் கொஞ்சமா பட்டா அளவு கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், ரொம்ப இறங்கற வரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது. ரத்த சிவப்பணுல இருக்கற அந்த என்சைம் திரும்ப பழைய நிலைக்கு வர புது ரத்தம் ஊறணும், அது மாசக்கணக்குல ஆகற வேலை. அப்படி இறங்கி இருக்கற ஆளுக்கு வழக்கமா தாங்கற அளவு மருந்தே ஒரு நாள் தாங்காம போகும். பழகிடுச்சுன்னு அவங்க நினைக்கறது உடம்பு கடன் வாங்கி ஓடற நேரம். இது உறுதியா தெரிஞ்ச விஷயம்.

நீண்ட கால நோய் பத்தி அவ்வளவு உறுதியா பேச முடியாது. கை கால் நடுங்கற பார்க்கின்சன் நோய்க்கும் பாராகுவாட்ங்கற களைக்கொல்லி மாதிரி மருந்துகளுக்கும் தொடர்பு பல ஆய்வுல வந்திருக்கு, ஆனா ஒரு தனி ஆளை காட்டி இவருக்கு இந்த மருந்தாலதான் வந்ததுன்னு சொல்லிட முடியாது. இதுல எனக்கு முக்கியமா பட்டது ஒண்ணு. அமெரிக்காவுல அயோவா, வட கரோலினா விவசாயிகளை 1993ல இருந்து தொடர்ந்து பாக்கற ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அந்த ஆளுங்களை வச்சு 2015ல வந்த ஒரு கட்டுரையில, பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு க்ளவுஸ் ஒழுங்கா போடாதவங்ககிட்டதான் பலமா தெரிஞ்சுது. நோய் வந்தவங்க எண்ணிக்கை அதுல சின்னது, அதனால அதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஆனா க்ளவுஸ் போட்டா என்ன போடாட்டி என்னன்னு கேக்கறவங்களுக்கு காட்ட அது ஒண்ணு போதும்.

இப்ப என்ன வாங்கறதுன்னு. க்ளவுஸ்ல துணி, தோல், டாக்டர் போடற மெல்லிசு லேடெக்ஸ் மூணும் வேண்டாம், துணியும் தோலும் மருந்தை குடிச்சு கையிலயே வச்சிருக்கும், பாட்டில்ல ஈசி (EC)ன்னு போட்டிருக்கற மருந்துல இருக்கற கரைப்பான் லேடெக்ஸை சீக்கிரம் ஊடுருவிடும். நைட்ரைல், உள்ள துணி வைக்காதது, முன்னங்கை பாதி வரைக்கும் வர்றது, 0.35 மில்லிமீட்டருக்கு மேல தடிமன். பெரும்பாலும் பச்சை கலர்ல வரும், பாத்திரம் கழுவற க்ளவுஸை விட கொஞ்சம் விலை கூட. ஆளு கை சைஸுக்கு வாங்குங்க, எல்லாருக்கும் எக்ஸ்எல் வாங்கி குடுத்தா கழட்டத்தான் செய்வாங்க. கழட்டறதுக்கு முன்னாடி க்ளவுஸோடவே சோப்பு போட்டு கழுவணும், அப்புறம்தான் உருவணும். உள்ளுக்குள்ள மருந்து போன க்ளவுஸ் வெறுங்கையை விட மோசம், உள்ள மூடி வேர்க்க வச்சு தோலுக்குள்ள தள்ளும், அதனால உள்ள ஈரம் பட்டதை தூக்கி போட்டுடணும். கீழ் நோக்கி அடிச்சா சட்டைக் கை க்ளவுஸுக்கு மேல வரணும், மேல் நோக்கி அடிச்சா க்ளவுஸ் சட்டைக்கு மேல வந்து விளிம்பை மடிச்சு விடணும், இல்லன்னா வழியறது நேரா உள்ள போகும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியில. இதெல்லாம் ஒரு தடவை காட்டினா அவங்களே அடுத்தவனுக்கு சொல்லிக் குடுப்பாங்க.

உடம்புக்கு ரெயின்கோட் வேண்டாம். கெட்டியான காட்டன் பேன்ட், முழுக்கை சட்டை, காலர் பட்டன் போட்டது, அதை மருந்து அடிக்கன்னே தனியா வைக்கணும். அதுக்கு மேல இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் முன்பக்கம் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன், முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட். நனையற இடம் மூடிடும், காத்து போற இடம் திறந்திருக்கும், வெயில்ல கழட்ட மாட்டாங்க. காசு இருந்தா இன்னொண்ணு இருக்கு, நம்ம ஜிகேவிகே வளாகத்துலயே இருக்கற இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு கம்பெனியும் சேர்ந்து கிசான் கவச்னு ஒரு உடுப்பு கொண்டு வந்தாங்க, 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. பருத்தித் துணியிலயே ஒரு ரசாயனத்தை பிணைச்சு, மேல படற மருந்தை துணியே உடைச்சு செயலிழக்க வைக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க, துவைச்சு ஒரு வருஷம் வரைக்கும் போடலாம்னு சொன்னாங்க, வெளியிட்டப்ப விலை 4,000 ரூபாய். துணிங்கறதால பிவிசியை விட காத்தோட்டம். யோசனை அருமை, ஆனா ரெண்டு மூணு சீசன் நம்ம வயல் அழுக்குல, நம்ம துவைப்புல பாத்த அப்புறம்தான் நான் முழுசா தலையாட்டுவேன். வேற எங்க வாங்கினாலும் ஐஎஸ்ஓ 27065ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, மருந்து அடிக்கிற உடுப்புக்கான அளவுகோல் அது.

துண்டு போதுமான்னு கேட்டீங்க. போதாது. காஞ்ச துண்டு பெரிய துளிய கொஞ்சம் தடுக்கும், நனைஞ்சதுக்கு அப்புறம் அந்த மருந்தை மூக்கு வாய் மேல ஒத்தடம் குடுத்த மாதிரி வச்சிருக்கும், அதே துண்டால மூஞ்சையும் துடைப்பாங்க. வெளி வயல்ல பச்சை, நீல மருந்துக்கு ஒரு என்95 மாஸ்க், நனைஞ்சா மாத்தறதுன்னு வச்சுக்கிட்டா பெரும்பாலும் சரியா போகும், லேபிள்ல அதிகமா கேட்டிருந்தா லேபிள் சொல்றதுதான். பாலிஹவுஸ் அப்படி இல்ல, அடைச்ச இடம், துளி மிதக்கும், ஆவி நிக்கும். என்95 தூசியையும் துளியையும்தான் பிடிக்கும், ஆவியை பிடிக்காது. அங்க கார்பன் கேட்ரிட்ஜ் மாட்டற அரை முக மாஸ்க்தான் வேணும், ஆர்கானிக் வேப்பர்னு போட்டது. தாடி இருந்தா அது ஒட்டி உக்காராது, இதை கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. வாசனை உள்ள வந்தா கேட்ரிட்ஜ் முடிஞ்சுதுன்னு அர்த்தம், ஆனா எல்லா மருந்துக்கும் வாசனை இருக்காது, அதனால தேதி எழுதி வச்சு மாத்துங்க. அப்புறம் உடம்புல தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா மருந்து ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, விட்டுடச் சொல்லுங்க, எண்ணெயில நல்லா கரையற மருந்துங்கதான் நிறைய.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா நான் சொல்லியே ஆகணும். கிட் எத்தனை வாங்கினீங்க, லான்ஸ் பிடிக்கிற ஆம்பளைக்கு மட்டும்தானே? பவர் ஸ்பிரேயர் ஓஸை வரிசைக்குள்ள இழுத்துட்டு நனைஞ்ச செடிய ஒரசிக்கிட்டு நடக்கறது யாரு, டிரம்முக்கு தண்ணி தூக்கறது யாரு, மறுநாள் காலைல அதே செடியில வெறுங்கையால தக்காளி பறிக்கிறது யாரு, மருந்து சட்டையை குழந்தை துணியோட சேத்து ஷெட்ல துவைக்கிறது யாரு? அந்த பொம்பளைங்களுக்கு ஒரு க்ளவுஸ் கூட யாரும் வாங்கறது இல்ல, ஏன்னா அவங்க மருந்து அடிக்கலையாம். அடிச்ச வயலுக்கு எப்ப திரும்ப போகலாம்னு லேபிள்ல இருந்தா அதை பாருங்க, இல்லன்னா குறைஞ்சது 24 மணி நேரம்னு நான் வைக்கச் சொல்வேன், பாலிஹவுஸை திறந்து நல்லா காத்தாட விட்ட அப்புறம்தான் உள்ள போகணும். பறிக்கறதுக்கான இடைவெளி வேற, அது பழத்துல இருக்கற மருந்து கணக்கு. மருந்து துணிய தனியா, முதல்ல வெறும் தண்ணில அலசி கொட்டிட்டு, அப்புறம் சோப்பு பவுடர் போட்டு, துவைக்கிறவங்களும் க்ளவுஸ் போட்டு, வெயில்ல காய வைக்கணும். பாட்டில் மருந்தே நேரா கொட்டின துணின்னா துவைக்க வேண்டாம், தூக்கி போட்டுடுங்க. ஷெட் பக்கத்துல ஒரு குழாய், சோப்பு, மாத்து துணி வைக்க ஒரு ஆணி, இது உங்க செலவு.

பொறுப்பு பத்தி. 1968 பூச்சிக்கொல்லி சட்டத்துக்கு கீழ வர்ற 1971 விதிகள்ல 39வது விதி, மருந்தை தயாரிக்கிறதுல இருந்து தெளிக்கிறது வரைக்கும் கையாள்றவங்க தகுந்த உடுப்போட பாதுகாக்கப்பட்டிருக்கணும்னு சொல்லுது. மேலுடுப்பு, முன்னங்கை பாதி வரைக்கும் வர்ற க்ளவுஸ், கண்ணாடி, பூட்ஸ்னு பட்டியலே இருக்கு. அமல்படுத்தறது எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், எந்த வயல்லயும் ஆபீசர் வந்து க்ளவுஸ் எங்கன்னு கேட்டு நான் பாத்ததில்ல. கோர்ட்ல எப்படி போகும்னு வக்கீலத்தான் கேக்கணும். ஆனா எந்த மருந்து, எந்த நேரம், எந்த ஸ்பிரேயர், எப்படி கூலின்னு நாலையும் முடிவு பண்றது நீங்க. போட்டுக்கறதா வேண்டாமான்னு ஒண்ணு மட்டும்தான் அவங்க கையில இருக்கு. அதனால மருந்து அடிக்கிற நாளுக்கு டேங்க் கணக்கு வேண்டாம், நாள் கூலின்னு வச்சுடுங்க, காலைல ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும், இல்ல சாயங்காலம் வெயில் தணிஞ்ச அப்புறம். அரை நாள் அடிச்சாலும் முழு கூலி. மேஸ்திரி மூலமா வந்த ஆளுங்கன்னா இதை மேஸ்திரிகிட்ட முதல்லயே பேசிடுங்க, இல்லன்னா மிச்ச நேரத்துக்கு பக்கத்து தோட்டத்துக்கு மருந்து அடிக்க அனுப்பிடுவாரு.

ஏதாவது ஆயிடுச்சுன்னா. கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிடறது, எச்சில் ஒழுகறது, சதை துடிக்கிறது, மூச்சு இரைக்கிறது, இதெல்லாம் வந்தா அது வெயில் இல்ல, மருந்து. உடனே துணிய கழட்டி சோப்பு போட்டு கழுவி (கழுவறவங்க க்ளவுஸ் போட்டுக்கணும்), 108 கூப்பிட்டு, பாட்டிலை லேபிளோட கையோட எடுத்துட்டு போங்க. பால், புளித்தண்ணி, உப்புத்தண்ணி எதுவும் ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஆர்கனோபாஸ்பேட்டுக்கு அட்ரோபின்ங்கற மாத்து மருந்து இருக்கு, டாக்டருக்கு எந்த மருந்துன்னு தெரிஞ்சா நேரம் மிச்சம். பாராகுவாட்டுக்கு மாத்து மருந்தே இல்ல, அதனால அதை வாங்கவே வாங்காதீங்க. டெல்லி எய்ம்ஸ்ல விஷ தகவல் மையம் 24 மணி நேரமும் இருக்கு, 1800 116 117, ஷெட் சுவத்துல எழுதி வைங்க, அங்க இருக்கற டாக்டரே கூப்பிட்டு கேக்கலாம்.

மஞ்சள் முக்கோண ஆர்கனோபாஸ்பேட் அடிச்சே ஆகணும்னு இருந்தா, சீசனுக்கு முன்னாடி, மருந்தே படாம சில வாரம் இருந்த நேரத்துல, அடிக்கிறவங்களுக்கு கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை எடுத்து வைங்க, பெங்களூர்ல பெரிய லேப்ல பண்றாங்க. சும்மா நடு சீசன்ல ஒரு தடவை எடுத்தா பிரயோஜனம் இல்ல, ஆளுக்கு ஆள் அளவு மாறும், அவரோட பழைய அளவோடதான் ஒப்பிடணும். கலிபோர்னியாவுல சிவப்பணு அளவு 20 சதவீதம் இறங்கினா வேலை முறைய பாக்கணும், 30 இறங்கினா அந்த ஆளை மருந்து வேலையில இருந்தே எடுத்துடணும்னு சட்டமாவே வச்சிருக்காங்க, நீங்களும் அதையே பிடிச்சுக்கலாம். வேலையில இருந்து எடுக்கறதுன்னா கூலி குறையாம வேற வேலை குடுக்கறது. இல்லன்னா அடுத்த தடவை ரத்தம் குடுக்க யாரும் கைய நீட்ட மாட்டாங்க. இப்ப நீங்க அடிச்சிட்டிருக்கற பாட்டில்களோட லேபிளை போட்டோ எடுத்து கீழ போடுங்க, எதை நிறுத்தலாம், எதுக்கு எந்த மாஸ்க்னு ஒவ்வொண்ணா பாத்து சொல்றேன்.